நூற்றுக்கு இரண்டும் என் கைராசியும்

பதினொரு வயதில் ஆறு வாரம் நான் கைராசிக்காரியாக இருந்தேன். சேலையூரில் தொடங்கி மாடம்பாக்கம் வரைக்கும் எனக்குப் பேர் இருந்தது. அதற்கு முன்பு என் கைக்கு வீட்டில் இருந்த பேர் வேறு. கண்ணாடி டம்ளரை என்னிடம் நீட்டும்போதே அம்மா மறு கையால் துடைப்பத்தைத் தேடுவாள். தெருமுனைத் துணிக்கடைக்காரர் தினமும் காலையில் முதல் போணிக்கு எதிர்வீட்டுப் பெண்ணைத்தான் கூப்பிடுவார். அவள் ஒரு கைக்குட்டை வாங்கினால்கூட அன்றைக்கு வியாபாரம் சூடு பிடிக்குமாம். நான் படியேறினால் "கொஞ்ச நேரம் கழிச்சி வாம்மா" என்பார். அப்படிப்பட்ட கைக்குத்தான் பிறகு பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள்.

அந்தக் கோடையில் அப்பாவுக்கும் லீவு. எனக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதுபோல, மறைமலை நகரில் அவர் வேலை பார்த்த கார் உதிரிபாகக் கம்பெனியும் அவருக்கு லீவு விட்டிருப்பதாக என்னிடம் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு ஜூனில் திறந்துவிடும், உங்களுக்கு எப்போது என்று நான் கேட்டேன். அப்பா பேப்பரைத் திருப்பினார். அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே "திறப்பாங்க" என்றாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

சில நாள் காலையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவும் மாட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு கிளம்புவார். மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவார். லீவிலும் இடையிடையே போய்க் கையெழுத்துப் போட வேண்டும்போல என்று நான் நினைத்துக்கொண்டேன். மற்ற நாட்களில் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் "இன்னிக்கு டூட்டி இல்லீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். அதனால் சாயங்காலம் நாலு மணியானால் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பிள்ளையை வெளியே கூட்டிப்போகிற அப்பாவை யாரும் எதுவும் கேட்பதில்லை.

எங்கே போவது என்பதை அவருடைய ஃபோன் சொன்னது. அதில் எனக்காக ஒரு விளையாட்டை ஏற்றியிருந்தார். தெருவில் நடந்தால் ஃபோனுக்குள்ளும் அதே தெரு தெரியும். அங்கே கொம்பும் வாலும் சிறகுமாகக் குட்டி ராட்சசர்கள் உலவுவார்கள். பந்தை எறிந்து பிடித்துச் சேர்க்க வேண்டும். மூன்று நாள் நான் விளையாடினேன். நாலாவது நாளிலிருந்து அப்பா விளையாட, நான் பின்சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னேன்.

குட்டிகளை யாரும் பிடிக்கலாம். பெரிய ராட்சசன் அப்படியில்லை. கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, பூங்கா வாசல் என்று ஏதாவது ஓரிடத்தில் முக்கால் மணி நேரம் வந்து உட்காருவான். ஒருவர் இருவரால் அவனை அசைக்க முடியாது. எட்டுப் பத்துப் பேர் அங்கேயே கூடி நின்று, அவரவர் ஃபோனில் ஒரே நேரத்தில் அடித்துச் சாய்க்க வேண்டும். சாய்ந்த பிறகுதான் பிடிக்கும் படலம். ஒவ்வொருவருக்கும் எண்ணிப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் பந்து கிடைக்கும். அது தீர்வதற்குள் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் அவன் சிறகை உதறிவிட்டுப் போய்விடுவான். அடிப்பது எல்லோரும் சேர்ந்து, பிடிப்பது அவரவர் பாடு. இது முதலில் எங்களுக்குப் புரியவில்லை. இருப்பது ஒரே ராட்சசன், முதலில் பிடித்தவருக்கே சொந்தம் என்று நினைத்துப் பந்திக்கு முந்துவதுபோல எறிந்தோம். ஒருவருக்கு மாட்டியதும் மற்றவர்கள் முகம் தொங்கிப்போகும். பிறகுதான் அடுத்தவர் ஃபோனிலும் அதே ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அசடு வழிந்தோம்.

எங்கள் கூட்டத்தில் இரண்டு பேரை மட்டும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். ஒருவர் கேம்ப் ரோடு ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிய அண்ணன். ஸ்டியரிங் பக்கத்தில் இரண்டு ஃபோன் மாட்டியிருப்பார். ஒன்று சவாரிக்கு, ஒன்று ராட்சசனுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் சவாரிதான் காத்திருக்கும். இன்னொருவர் கல்லூரியில் புள்ளியியல் படித்த ஒல்லி அண்ணா. வாயைத் திறந்தால் பர்சென்ட் என்பார். அதனால் எல்லோருக்கும் அவர் பர்சென்ட் அண்ணா. அவர் கையில் எப்போதும் ஒரு நீல நோட்டு இருக்கும். யார் எத்தனை பந்து போட்டார்கள், எத்தனை மாட்டியது என்று கோடு கோடாகப் போட்டுவைப்பார்.

என் கைக்கு வாழ்வு வந்தது மாடம்பாக்கம் கோயில் பக்கத்தில். அன்று அப்பா பதினொரு பந்தை வீணாக்கியிருந்தார். மிச்சம் ஒன்றுதான். உள்ளங்கை வியர்த்து ஃபோன் வழுக்கியதால் "நீ போடு" என்று என்னிடம் தள்ளிவிட்டு, சட்டையில் கையைத் துடைத்தார். நான் குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் ஐஸ், மறு கைப் பெருவிரலால் ஏனோதானோவென்று ஒரு தள்ளு. பந்து ராட்சசனை விழுங்கியது. ஒருமுறை ஆடியது, இரண்டாம் முறை ஆடியது, மூன்றாம் முறை ஆடி நின்றுவிட்டது; அப்படி நின்றால் மாட்டிவிட்டது என்று அர்த்தம்.

அப்பா என்னைத் தூக்கிச் சுற்றியதில் ஐஸ் போயே போய்விட்டது. கோயிலுக்கு வந்தவர்கள் யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டோ அண்ணன் தன் ஃபோனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "பாப்பா, இதுலயும் ஒண்ணு போட்டுக் குடும்மா. ஏழு பந்து கீது. எனுக்கு ஒண்ணுகூட மாட்ட மாட்டேங்குது, ஒரே பேஜாரு."

இரண்டாவது பந்தில் மாட்டியது. அண்ணன் ஃபோனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாப்பா கையில இன்னாமோ கீது சார்! ராசியான கை சார் இது!"

அடுத்த நாள் சேலையூரில் ஒரு டீச்சருக்குப் போட்டுக் கொடுத்தேன், மாட்டியது. அதற்கடுத்த நாள் கிழக்குத் தாம்பரத்திலிருந்து மருந்துக்கடைக்காரர் ஒருவர் என்னைத் தேடியே வந்தார், அவருக்கும் மாட்டியது. பிறகு கேட்க வேண்டுமா? ராட்சசன் சாய்ந்ததும் எல்லோரும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றுவிடுவார்கள். பர்சென்ட் அண்ணா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் பந்தைத் தானே போட்டு, தானே தோற்றார்.

கைராசி என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு விதிமுறைகள் தானாக முளைத்துவிடுகின்றன. நான் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும். இடது கையால் ஃபோனைத் தொடக் கூடாது. தயிர் சாதம் சாப்பிட்ட அன்று கை குளிர்ந்துவிடும் என்று ஆட்டோ அண்ணன் கண்டுபிடித்ததால், பள்ளிக்கூட லீவு முழுக்க எனக்குச் சாம்பார் சாதம்தான். தும்மினால் இரண்டு நிமிடம் இடைவேளை. வேலைக்கு முன்னால் எனக்கு ஒரு ரோஸ்மில்க் வரும். அது சம்பளமா காணிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை, குடித்துவிடுவேன். அம்மாவுக்கு இதெல்லாம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "அப்பனும் பொண்ணும் சேந்து ஊர் ஊரா பேய் புடிக்கிறீங்களா?" என்று கேட்பாள். அப்பா ஃபோனை சார்ஜில் போடுவார்.

மூன்றாவது வாரத்திலிருந்து என் கை தடுமாறத் தொடங்கியது. போட்ட பந்தையெல்லாம் உடைத்துக்கொண்டு ராட்சசன் வெளியே வந்தான். முதலில் நெட் சரியில்லை என்றார்கள். பிறகு ஃபோன் பழசு என்றார்கள். அதன் பிறகு டீச்சர் "இன்னிக்குப் பாப்பாக்கு மூட் சரியில்லபோல" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பத்துப் பேரின் ஆசையை வாங்கி வாங்கித் தரையில் போட்டு உடைக்கிறவளாக, பழையபடி நான் டம்ளர் உடைக்கிறவளாகவே ஆகிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒருநாள் டீக்கடையில் பர்சென்ட் அண்ணா நீல நோட்டை என் முன்னால் விரித்தார்.

"இங்க பாரு. நீ போட்டது முந்நூறு பந்து. மாட்டினது இருபத்தொண்ணு. மத்தவங்க எல்லாரும் சேந்து போட்டதும் முந்நூறு. மாட்டினது இருபத்திரெண்டு."

"அப்படின்னா?"

"உன் கையில ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதிலும் அவர்களுக்கு ஒன்று கூடுதல். அப்பா அவசரமாக ஒரு வாழைக்காய் பஜ்ஜியை என் கையில் வைத்தார். அண்ணாவோ விடுவதாக இல்லை. இந்தப் பெரிய ராட்சசர்களைச் சும்மா பந்து போட்டுப் பிடிக்க நூற்றுக்கு இரண்டு தடவைதான் வாய்ப்பு என்றார். தங்க நிறப் பழம் ஒன்றை ஊட்டி, பந்தைச் சுழற்றி, ராட்சசனைச் சுற்றித் தெரியும் வட்டம் சிறுத்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே போட்டால் ஏழெட்டு வரை ஏறும். அதற்குமேல் யார் கையாலும் ஏறாது.

"நூத்துக்கு ரெண்டுன்னா, அம்பது பந்து போட்டா ஒண்ணு கண்டிப்பா மாட்டணும்ல சார்?" என்று ஆட்டோ அண்ணன் கணக்கைக் கையில் எடுத்தார். "நாப்பத்தொம்போது போச்சின்னா, அம்பதாவது நம்ளுது."

"இல்லண்ணா. நாப்பத்தொம்போது போனது அம்பதாவது பந்துக்குத் தெரியாது. அதுக்கும் அதே ரெண்டுதான். ஒவ்வொரு த்ரோவும் தனி."

அண்ணன் நம்பவில்லை. அண்ணா ஒரு ரூபாய்க் காசைச் சுண்டினார். தலை. மறுபடியும் தலை. தொடர்ந்து ஐந்து முறை தலையே விழுந்தது. ஆறாவது பூதான், வேறு வழியே இல்லை என்று அண்ணன் மேசையில் அடித்துச் சொன்னார். ஆறாவதும் தலை. அண்ணன் காசை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசு சரியில்ல" என்று தீர்ப்புச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அன்று இரவு தூங்காமல் யோசித்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. கையில் ராசி இல்லையென்றால், மாட்டாமல் போனதற்கும் என் கை காரணம் இல்லை. டீச்சர் என்னை அப்படிப் பார்த்திருக்கவே கூடாது. நான் குற்றவாளியே கிடையாது! காலையில் எழுந்தபோது நான் முழுக்க முழுக்கப் பர்சென்ட் கட்சி. புதிதாக மதம் மாறியவர்களைப்போல எல்லோரிடமும் பேசிக்கொண்டே இருந்தேன். பால் பாக்கெட்காரரிடம்கூட ஒவ்வொரு த்ரோவும் தனி என்று சொன்னேன்.

அந்த வாரம் நீலச் சிறகுள்ள ஒரு ராட்சசன் வந்தான். ஞாயிற்றுக்கிழமையோடு போய்விடுவான், பிறகு எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. மற்றவர்களுக்கெல்லாம் ஒன்றாவது கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதற்குள் அவர் அந்த ஃபைலோடு எட்டுக் கம்பெனி ஏறி இறங்கியிருந்தார் என்பது பின்னால் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தினமும் பைக்கை நிறுத்தும்போது "எப்படியாவது ஒண்ணு மாட்டிட்டா போதும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒரு நீல ராட்சசனுக்காக இவ்வளவு பெரிய மனுஷன் இப்படி ஏங்குகிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஞாயிறு மாலை திருநீர்மலை அடிவாரத்தில் கடைசி வாய்ப்பு. ராட்சசன் ஆறு மணி நாலு நிமிடம் வரைக்கும் இருப்பான். ஐந்தரைக்கே நாங்கள் ஒன்பது பேரும் வந்துவிட்டோம். அப்போதே அடித்திருந்தால் சாவகாசமாக முடித்திருக்கலாம். ஆனால் ஆட்டோ அண்ணன் குறுக்கே நின்றார்.

"ஞாயித்துக்கெழம நாலரை ஆறு ராகு காலம் சார். சாருக்கு இது முக்கியமான மேட்ரு. ஆறு ஆவட்டும்."

"அண்ணா, ஆறு நாலுக்கு அது போயிடும்!" என்று பர்சென்ட் அண்ணா தலையில் கை வைத்தார்.

"நாலு நிமிசம் கீதே. அது போதும்."

மருந்துக்கடைக்காரர் அண்ணன் பக்கம் சாய்ந்தார். டீச்சரும் சாய்ந்தார். கடைசியில் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். ராகு காலமெல்லாம் பார்க்கிற வழக்கமே இல்லாதவர் அவர். அவரோ மலையைப் பார்த்துவிட்டு, "ஆறு ஆகட்டுமே" என்றார். அரை மணி நேரம் ஒன்பது பேரும் ஒரு ராட்சசனைச் சுற்றி நின்று, கடிகாரத்தைப் பார்த்தபடி சுண்டல் தின்றோம். பர்சென்ட் அண்ணா தின்னவில்லை.

ஆறு அடித்ததும் பாய்ந்தோம். ஃபோனில் சண்டைக்குள் நுழைந்து எல்லோரும் சேரவே இரண்டு நிமிடம் போனது. டீச்சரின் ஃபோன் உறைந்து நின்றது. ஆட்டோ அண்ணனின் ஃபோனில் சவாரி ஒன்று வந்து திரையை மறைத்தது; அவர் அந்த முகம் தெரியாத பயணியைத் திட்டிக்கொண்டே அடித்தார். எப்படியோ சாய்த்துவிட்டோம். அப்பாவுக்குக் கிடைத்தது பதினொரு பந்து. அவர் ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்கப்பா. யார் போட்டாலும் ஒண்ணுதான்."

"பரவால்ல, நீயே போடு."

பழம் ஊட்டினேன். சுழற்றினேன். வட்டம் சிறுக்கக் காத்திருந்து போட்டேன். பத்துப் பந்து போய்விட்டது. பதினொன்றாவது அவனை விழுங்கி, ஒருமுறை ஆடி, இரண்டாம் முறை ஆடி, அப்புறம் வெடித்துத் திறந்தது. நீலச் சிறகை ஒருமுறை விரித்துக் காட்டிவிட்டு அவன் போய்விட்டான்.

"ராகு காலம் முட்ஞ்சாலும் அதோட வால் கொஞ்ச நேரம் இர்க்கும் சார். என் தப்புதான், ஆறே காலுன்னு சொல்லியிருக்கணும்" என்றார் ஆட்டோ அண்ணன். பர்சென்ட் அண்ணா நோட்டைத் திறந்து பதினொரு கோடு போட்டார். எனக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பைக் கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது, அவர் திரும்பாமலே, "நீ நல்லாத்தான் போட்ட" என்றார்.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அப்பா இஸ்திரிச் சட்டையில் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அம்மா டிவி மேலிருந்த ஃபைலை எடுத்து என் கையில் திணித்தாள். எங்களைப் பேய் பிடிக்கிறவர்கள் என்று திட்டிய அதே அம்மாதான்.

"அப்பாகிட்ட குடு."

"எதுக்கு நான்?"

"சும்மாதாம்மா. உன் கையால குடு" என்றார் அப்பா, ஷூவிலிருந்து நிமிராமல்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என்னுடைய கட்சிக்கு இது கௌரவப் பிரச்சினை. ஃபைலைப் பிரம்பு மோடாவின் மேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கைராசின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுப்பா. நோட்டுல போட்டுப் பாத்தாச்சு. நீங்களே எடுத்துக்கோங்க."

அம்மா என் தோளில் நறுக்கென்று கிள்ளினாள். "காலங்காத்தால வாயப் பாரு."

"விடு, சொல்லட்டும்" என்றார் அப்பா. நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்போ, முன்னாடி வரிசையா போச்சே. அதனால அடுத்தது கிடைக்கிறது இன்னும் கஷ்டமாயிடாதா?"

"ஆகாதுப்பா. அடுத்த பந்துக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது."

"எட்டு தடவை வரிசையா போயிருந்தாக்கூட?"

"எட்டு இல்லப்பா, பதினொண்ணு. நேத்து பதினொண்ணு போட்டோம்."

அம்மா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா சிரித்தார். அந்தக் கோடையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஆமா, பதினொண்ணு. மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஃபைலைத் தானே எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அந்த வேலையும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆடி மாதத்தில் ஒரகடம் பக்கம் வேறொன்று கிடைத்தது. ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று காலை, நேற்றுப் போட்ட பந்தின் எண்ணிக்கையைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாத அப்பாவை நினைத்துச் சிரித்துக்கொண்டே நான் பல் தேய்க்கப் போனேன்.